கால்நடைகளுக்கு மேக்ரோலைடு மருந்துகள்: நோயறிதல் முதல் விலக்குக் காலம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி அடைமழை பிடித்ததும் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கத்து ஆட்டுக்கொட்டில்களில் இருமல் கேட்கத் தொடங்கிவிடும். "ஒரு சளி ஊசி போட்டுவிடுங்கள்" என்று கேட்டு வருபவர்களுக்குப் போடப்படும் ஊசிகளில் டைலோசினும் ஒன்று. அது மேக்ரோலைடு என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்து மருந்துகள் உடலில் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், அவை எந்த நோயில் பலிக்கும், எதில் பொய்க்கும், பாலிலும் இறைச்சியிலும் ஏன் இத்தனை நாள் தங்குகின்றன என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். கால்நடை மருத்துவ மாணவர்களையும், புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் மருத்துவர்களையும், மருத்துவர் எழுதித் தரும் மருந்தின் காரணத்தை அறிய விரும்பும் பண்ணையாளர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. இங்கே தரப்படும் அளவுகள் மருத்துவரின் சீட்டுக்கு மாற்றல்ல.

குடும்பமும் அதன் உறுப்பினர்களும்

பிலிப்பைன்ஸ் நாட்டு மண் மாதிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரிலிருந்து எரித்ரோமைசின் கிடைத்தது. 1952இல் அது மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. பெரிய லாக்டோன் வளையம் ஒன்றும் அதோடு இணைந்த சர்க்கரைகளும் கொண்டது இதன் மூலக்கூறு. வளையத்தில் எத்தனை அணுக்கள் என்பதைக் கொண்டே குடும்பத்தை வகுக்கிறார்கள். எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் 14 அணு வளையம் கொண்டவை. அசித்ரோமைசினும் காமித்ரோமைசினும் 15. டைலோசின், டில்மிகோசின், டைல்வலோசின், டில்டிபைரோசின், ஸ்பைராமைசின் ஆகியவை 16. டுலாத்ரோமைசினைப் பெரும்பாலும் 15 அணு வளையத்தாரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

பண்ணையாளர்கள் அடிக்கடி குழம்பும் ஓர் இடத்தை இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டினும் பெரிய லாக்டோன் வளையம் கொண்டதே. அதுவும் மண் நுண்ணுயிரிலிருந்து வந்ததே. ஆனால் அது பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் மருந்து அல்ல. "போன வாரம்தான் ஐவர்மெக்டின் போட்டோம், சளிக்கும் சேர்த்துக் கேட்கும்" என்று காத்திருப்பது ஆட்டை இழப்பதில் முடியும்.

மருந்து செய்யும் வேலை

புரதத்தை உருவாக்கும் உறுப்பான பாக்டீரியாவின் ரைபோசோமில் 50எஸ் என்னும் பெரிய துணைக்கூறு உண்டு. புதிதாக உருவாகும் புரதச்சங்கிலி வெளியேறும் குடைவரைப் பாதை அதில்தான் இருக்கிறது. மேக்ரோலைடு அப்பாதையின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்வதால் சங்கிலி வளர முடியாமல் நின்றுவிடுகிறது. பெரும்பாலான நேரங்களில் இம்மருந்து பாக்டீரியாவைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது. மருந்தின் செறிவு மிகுந்த இடத்தில் சில கிருமிகளைக் கொல்லவும் செய்யும். தடுத்து நிறுத்தப்பட்ட கிருமியை அழித்து முடிப்பது விலங்கின் சொந்த எதிர்ப்பாற்றல். ஆகவே குடற்புழு மண்டி, தீவனமின்றி, இரத்தசோகையில் வெளுத்துப்போன ஆட்டுக்கு மருந்து மட்டும் போட்டுத் தேற்ற முயல்வது பாதி வேலைதான்.

மருந்தின் வேறொரு செயலையும் குறிப்பிட வேண்டும். டில்மிகோசினும் டுலாத்ரோமைசினும் நுரையீரலில் குவிந்த வெள்ளணுக்களின் அழற்சிச் செயலைத் தணிக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மூச்சிரைப்பு சீக்கிரம் தணிவதில் இதற்கும் பங்கு இருக்கலாம். எனவே, விலங்கு சற்றுத் தெளிந்தது என்பதை மட்டும் வைத்துக் கிருமி ஒழிந்தது என்று முடிவு கட்டக்கூடாது.

உடலுக்குள் மருந்தின் பயணம்

மேக்ரோலைடுகள் கொழுப்பில் கரையும் வலுக்குறைந்த காரங்கள். இந்த ஒரு பண்பிலிருந்துதான் ஏனைய எல்லாம் பிறக்கின்றன. மின்னேற்றம் பெறாத நிலையில் இவை செல் சவ்வை எளிதாகக் கடக்கும். அமிலத்தன்மை கூடிய இடத்துக்குள் போனதும் மின்னேற்றம் பெற்று, திரும்பி வர முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இரத்தத்தின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடும்) 7.4. செல்லுக்குள்ளும், குறிப்பாகக் கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின் லைசோசோம் பைகளிலும், பிஎச் அதைவிடக் குறைவு. எனவே இரத்தத்தில் மருந்து குறைவாகவும் நுரையீரல் திசுவிலும் வெள்ளணுவிலும் பல மடங்கு கூடுதலாகவும் காணப்படுகிறது. நோயுற்ற இடத்தை நோக்கி விரையும் வெள்ளணுக்கள் மருந்தையும் சுமந்து செல்கின்றன. இரத்தப் பரிசோதனையில் அளவு குறைவாக இருப்பதைக் கண்டு மருந்து ஏறவில்லை என்று எண்ணுவது தவறு.

மடியில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எரித்ரோமைசினின் பிகேஏ, அதாவது மருந்தில் பாதி மின்னேற்றம் பெற்றிருக்கும் பிஎச், சுமார் 8.8. நலமான மாட்டின் பாலில் பிஎச் ஏறத்தாழ 6.6. இந்த எண்களை அயனிச் சமன்பாட்டில் இட்டால், இரத்தநீரில் கட்டற்று இருக்கும் மருந்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு பாலில் சேரும் என்று வருகிறது. மடிநோய் வந்து பாலின் பிஎச் 7.2 ஆக உயர்ந்தால் அதே கணக்கு ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது. அதாவது நலமான காம்பில் தேங்குமளவு நோயுற்ற காம்பில் மருந்து தேங்குவதில்லை. ஒரு காம்பில்தானே நோய், மற்ற மூன்றின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஊசியாகப் போட்ட மருந்து அந்த மூன்றில்தான் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

இதே பண்பு சீழ்க்கட்டியில் எதிராகத் திரும்புகிறது. சீழின் அமிலத்தன்மையில் மருந்து மின்னேற்றம் பெற்றுவிடுவதால் கிருமியின் உள்ளே நுழைய முடிவதில்லை. சீழ்க்கட்டியைக் கீறி வடிக்காமல் டைலோசினை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை.

தங்கும் காலம் மருந்துக்கு மருந்து பெரிதும் மாறுபடும். எரித்ரோமைசினும் டைலோசினும் மாட்டின் இரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். டுலாத்ரோமைசின் மூலக்கூறில் காரத்தன்மையுள்ள மூன்று அமைன் தொகுதிகள் இருப்பதால் அது திசுவில் இறுகப் பிடித்துக்கொள்ளும்; மாட்டின் நுரையீரலில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ எட்டு நாள் ஆகும். ஒரே ஊசியில் சிகிச்சை முடிவது இதனால்தான். மேக்ரோலைடுகள் பெரும்பாலும் பித்தநீர் வழியே சாணத்தில் வெளியேறுகின்றன; எரித்ரோமைசின் போன்றவை அதற்கு முன் கல்லீரலில் மாற்றமடைகின்றன. எரித்ரோமைசின் கல்லீரலின் சில நொதிகளை முடக்குவதால், மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் போன்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் அவற்றின் அளவு இரத்தத்தில் ஆபத்தாக உயரக்கூடும்.

முதல் படி: நோய்க்காரணி இம்மருந்துக்கு உரியதா?

மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது. ஆகவே செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின், அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் எதுவும் அதனிடம் எடுபடாது. அங்கே மேக்ரோலைடு முன்வரிசை மருந்து. வெள்ளாட்டின் தொற்று நுரையீரல் நோயில் தொடக்கத்திலேயே டைலோசினை உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் மூன்று நாள் போட்டால் நல்ல பலன் தெரியும். மாட்டிலும் செம்மறியிலும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் பாஸ்டுரெல்லா, மேன்ஹீமியா ஆகியவற்றின்மீது டில்மிகோசினும் டுலாத்ரோமைசினும் வேலை செய்யும். ஸ்டேஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கிளமிடியா, கேம்பிலோபாக்டர், பன்றியின் குடலைத் தாக்கும் லாசோனியா ஆகியவையும் இவற்றின் எல்லைக்குள் வருபவை.

ஈ.கோலி, சால்மொனெல்லா போன்ற குடல் கிருமிகளின் வெளிச்சவ்வை இம்மருந்துகளில் பெரும்பாலானவை கடக்க முடியாது. கன்றுக்குட்டியின் வெள்ளைக்கழிச்சலுக்கும், ஈ.கோலியால் வரும் கடும் மடிநோய்க்கும் டைலோசின் போடுவது நாளைக் கடத்துவதே ஆகும். ஆட்டுக்கொல்லி நோயும், கோழியின் ராணிக்கெட் நோயும் வைரஸால் வருபவை. மருந்து அவற்றைத் தொடாது. பின்தொடரும் பாக்டீரியாவை மட்டுமே அடக்கும். எனவே ஊசியை எடுக்கும் முன் காய்ச்சல், மூச்சின் வேகம், மூக்குச்சளியின் தன்மை, வாய்ப்புண், கழிச்சல், மந்தையில் எத்தனைக்குப் பரவியது ஆகியவற்றைப் பாருங்கள். மடிநோயாக இருந்தால் மருந்து போடுவதற்கு முன்பே தூய குப்பியில் பால் மாதிரி எடுத்துவிடுங்கள். ஊசி போட்ட பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். அப்புறம் அந்த ஆய்வறிக்கையை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது.

இரண்டாம் படி: எந்த விலங்குக்குக் கூடாது?

முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர் ஆகியவற்றுக்கு வாய்வழி மேக்ரோலைடு கொடுக்கக் கூடாது. குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக் கிருமிகள் பெருகி, விலங்கு கழிந்தே இறக்கும். வளர்ந்த குதிரைக்கும் இதே ஆபத்து உண்டு. குட்டிக்குக் கொடுத்த எரித்ரோமைசினில் சிறிதளவு தாயின் வாய்க்குள் போய், தாய்க்குதிரை பெருங்குடல் அழற்சியில் இறந்த நிகழ்வுகள் சுவீடனில் பதிவாகியுள்ளன. குதிரைக்குட்டியின் ரோடோகாக்கஸ் நுரையீரல் நோய்க்கு மட்டும் ரிஃபாம்பிசினோடு சேர்த்து இவ்வகை மருந்து பயன்படுகிறது. எரித்ரோமைசின் வியர்வையைத் தடுப்பதால் அக்குட்டியை வெயிலில் விடக் கூடாது. சித்திரை வெயிலடிக்கும் மதுரையில் இந்த எச்சரிக்கையை இரண்டு முறை சொன்னாலும் தகும்.

அசைபோடும் வளர்ந்த விலங்குகளுக்கு எரித்ரோமைசினை வாய்வழி கொடுத்தால் அசையூண் வயிற்றின் நொதித்தல் கெட்டுக் கழிச்சல் வரும். நாய்க்கு எரித்ரோமைசின் கொடுத்தால் வாந்தி எடுப்பது சாதாரணம். குடலை அசைக்கும் மோட்டிலின் ஏற்பிகளை அது தூண்டுவதே காரணம். டில்மிகோசின் ஊசியை வெள்ளாட்டுக்கும் பன்றிக்கும் குதிரைக்கும் போடவே கூடாது.

மூன்றாம் படி: குடும்பத்துக்குள் எதை எடுப்பது?

புதியது, விலையுயர்ந்தது, நீண்ட நாள் தங்குவது என்பதெல்லாம் தேர்வுக்கான காரணங்கள் ஆகா. நாள்தோறும் பிடித்துக் கட்டி ஊசி போட முடிகிற இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கும் வீட்டுக்கு, சீக்கிரம் உடலை விட்டு நீங்கும் டைலோசினே பொருத்தம். மேய்ச்சலுக்காக ஊர் ஊராகக் கிடை போடும் செம்மறி மந்தைக்கோ, மறுநாள் அதே ஆட்டைத் தேடிப் பிடிப்பதே பாடாகிவிடும். அங்கே ஒரே ஊசியில் முடியும் மருந்துக்கு நியாயம் உண்டு. கறவையில் இருக்கும் மாட்டுக்கு டுலாத்ரோமைசினைத் தவிர்க்க வேண்டும். பாலை மனிதர் குடிக்கும் மாடுகளில் அது அனுமதிக்கப்பட்டதன்று. நாய்களில் நாள்பட்ட கழிச்சலுள் ஒருவகை டைலோசினுக்குக் கட்டுப்படும். தூள் கடும் கசப்பு என்பதால் மாத்திரையுறைக்குள் அடைத்துக் கொடுப்பது நல்லது. சிப்பிப்பாறை நாய் ஒருமுறை அந்தக் கசப்பைக் கண்டுவிட்டால் மறுநாள் தட்டின் பக்கமே வராது.

நான்காம் படி: எடை, அளவு, ஊசி

மருந்து பொய்த்தது என்று சொல்லப்படும் நேர்வுகளில் எடையைக் குறைத்து மதிப்பிட்டதும் ஒரு காரணமாக இருக்கும். எடைமேடை இல்லாத இடத்தில் தையல்காரரின் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை உடல் நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 55 உள்ள மாடு 300 கிலோ. டைலோசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் 3,000 மில்லிகிராம் வேண்டும். ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் உள்ள குப்பியானால் 15 மில்லி. தசையில் ஒரே இடத்தில் 10 மில்லிக்கு மேல் செலுத்தாமல், கழுத்தின் இரு பக்கமும் பிரித்துப் போடுங்கள். டைலோசின் ஊசி வலிக்கும், இடம் வீங்கும். தொடையில் போட்டால் இறைச்சியும் கெடும். குப்பிக்குக் குப்பி செறிவு மாறும் என்பதால் "போன தடவை 15 மில்லி" என்ற நினைவை நம்பாமல் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள்.

டில்மிகோசினைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டுக்கும் செம்மறிக்கும் கிலோவுக்கு 10 மில்லிகிராம், தோலடியில், ஒரே முறை. தப்பித்தவறி இரத்தக்குழாயில் இறங்கினால் மாடு இறந்துவிடும். இதயத்தசைக்கான கால்சியத்தின் செயலை அது குலைப்பதே காரணம். அதே மருந்து ஏற்றிய ஊசி மனிதர் கையில் குத்தினாலும் உயிருக்கு ஆபத்து, இறந்தவர்களும் உண்டு. பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வளர்க்கப்படும் ஜல்லிக்கட்டுக் காளை, தெரியாத ஆளைக் கண்டால் அடங்கி நிற்காது. அதன் கழுத்துத் தோலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து மறு கையால் ஊசியை இறக்கும்போது அது தலையை உதறினால் ஊசி எங்கே பாயும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட காளைக்கு வேறு மருந்தைத் தேர்வதே என் கருத்து. போட்டே ஆக வேண்டுமானால் காளையை இறுகக் கட்டி, வளர்த்தவரை முன்னால் நிறுத்தி, நிரப்பிய சிரிஞ்சை மூடியோடு எடுத்துச் சென்று, தனியாளாக இல்லாமல் போடுங்கள். தானாக மருந்து பாயும் ஊசிக்கருவி வேண்டாம். கையில் குத்திவிட்டால் துணி சுற்றிய பனிக்கட்டியை அந்த இடத்தில் வைத்து, 108ஐ அழைத்து, குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதற்கு மாற்றுமருந்து இல்லை என்பதையும், பன்றிகளில் நடத்திய சோதனையில் அட்ரினலின் நிலைமையை மோசமாக்கியது என்பதையும் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

கோழிக்குத் தண்ணீரில் கொடுக்கும்போது

மைக்கோபிளாஸ்மாவால் வரும் நாள்பட்ட சுவாச நோய்க்கு டைலோசின் டார்டரேட் தூளை லிட்டருக்கு அரை கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் குடிநீரில் கொடுப்பார்கள். தூளைக் குடத்தில் கொட்டித் தண்ணீரில் தூவினால் கட்டி கட்டியாக மிதக்கும். முதலில் தூளைச் சிறு பாத்திரத்தில் போட்டு, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, பிறகு தொட்டியில் சேர்க்க வேண்டும். துருப்பிடித்த பாத்திரம் கூடாது. நாள்தோறும் புதிதாகக் கரைக்க வேண்டும். கோடையில் கோழி குளிர்காலத்தைப்போல் இருமடங்கு தண்ணீர்கூடக் குடிக்கும். மழை நாளில் குடிப்பது குறையும். லிட்டர் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் பங்குனியில் மருந்து மிகும், கார்த்திகையில் போதாது. நேற்று கொட்டகை எவ்வளவு குடித்தது என்பதை அளந்து, மொத்த எடைக்குத் தேவையான மருந்தை அத்தண்ணீரில் பங்கிடுவதே சரி.

சிகிச்சையால் குறட்டைச் சத்தம் அடங்கும். கிருமி மந்தையை விட்டு முழுதும் நீங்காது. அது முட்டை வழியே குஞ்சுக்கும் போகும். குப்பையில் அமோனியா கண்ணை எரிக்கும் கொட்டகையில் எந்த மருந்தும் நிலையான பலன் தராது.

ஐந்தாம் படி: சேர்க்கையும் எதிர்ப்பும்

ஃப்ளோர்ஃபெனிகால், லின்கோமைசின், கிளிண்டாமைசின் ஆகியவை ரைபோசோமில் மேக்ரோலைடின் பக்கத்து இடத்திலேயே அமர்வதால் ஒன்றையொன்று தள்ளிவிடும். சேர்த்துப் போடக் கூடாது. கிருமிகள் எதிர்ப்புப் பெறும் முக்கிய வழி, ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் 2058ஆம் அடினினில் மெத்தில் தொகுதியை ஒட்டிவிடுவது. அதைச் செய்யும் ஈ.ஆர்.எம். மரபணு உள்ள கிருமி மேக்ரோலைடை மட்டுமின்றி லின்கோசமைடையும் (லின்கோமைசின், கிளிண்டாமைசின் வகை) ஸ்ட்ரெப்டோகிராமின் பி என்னும் நுண்ணுயிர்க்கொல்லி வகையையும் சேர்த்தே வென்றுவிடும். மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் புரதங்களும், மருந்தையே சிதைக்கும் நொதிகளும் மற்ற வழிகள்.

ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் டைலோசினையும் ஸ்பைராமைசினையும் வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் கலப்பதை நிறுத்தியது இந்த அச்சத்தால்தான். இக்குடும்பத்தை மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமானவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. சும்மா இருக்கட்டும் என்று தீவனத்தில் ஒரு பிடி கலக்கும் பழக்கத்துக்கு நியாயம் எதுவும் இல்லை.

டைலோசின் போட்டு 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் அளவைக் கூட்டாமல் நோயறிதலை மறுபடி பாருங்கள். டுலாத்ரோமைசின் போன்றது உடலில் இருக்கும்போது மேலும் ஒரு மேக்ரோலைடைப் போடுவதில் பயனில்லை.

ஆறாம் படி: விலக்குக் காலம்

2012இல் இந்திய மருந்து விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உணவுக்கான விலங்குகளின் மருந்துக் குப்பியில் விலக்குக் காலம், அதாவது கடைசியாக மருந்து கொடுத்தபின் பால், முட்டை, இறைச்சியை உணவாக்கக் கூடாத நாள்கள், அச்சிடப்பட வேண்டும். குறிப்பிட்ட காலம் ஆய்வில் உறுதிசெய்யப்படாத மருந்துக்குப் பாலிலும் முட்டையிலும் குறைந்தது 7 நாள், கோழி மற்றும் பாலூட்டிகளின் இறைச்சியில் குறைந்தது 28 நாள். இவை கீழ்வரம்புகள். அமெரிக்காவில் மாட்டுக்கான டில்மிகோசின் ஊசிக்கு இறைச்சி விலக்குக் காலம் 42 நாள் என்பதைப் பார்த்தால், நீண்ட நாள் தங்கும் மருந்துக்கு 28 நாளில் நிம்மதியடைய முடியாது.

பாலைக் காய்ச்சினால் மருந்து எச்சம் முழுதும் அழிவதில்லை. மேக்ரோலைடு எச்சம் மிகுந்த பாலில் தயிர் உறைவது கெடும் என்றாலும், தயிர் உறைந்ததை வைத்துப் பாலில் எச்சமில்லை என்று சொல்ல முடியாது.

ஊசி போட்ட அன்றே விலங்கின் காதடையாள எண், மருந்து, அளவு, போட்ட இடம், பாலும் இறைச்சியும் எந்தத் தேதி வரை ஆகாது ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பாண்டி கோயிலுக்கோ அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கோ நேர்ந்துவிட்ட கிடாய்க்குச் சிகிச்சை தேவைப்பட்டால், கிடா வெட்டும் நாளை முதலில் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணியே மருந்தைத் தேர்ந்தெடுங்கள். நாள் போதாவிட்டால் வேறொரு கிடாயை ஏற்பாடு செய்யும்படி வீட்டாரிடம் சொல்லிவிட்டு, நோயுற்றதற்குத் தேவையான சிகிச்சையைக் குறைக்காமல் கொடுங்கள். சந்தையில் விற்பதானால் விலக்குத் தேதியை வாங்குபவரிடம் எழுதிக் கொடுங்கள்.